ஒலிவாங்கி யார் கையில்?

சனிக்கிழமை மாலை. சுவா சூ காங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். ஒரு பாட்டியின் எழுபதாவது பிறந்தநாளுக்காக உறவினர்கள் கூடியிருக்கிறார்கள். மேசைகளில் பிரியாணியும் கேசரியும் வரிசையாக இருக்கின்றன. தூண்களில் பலூன்கள் தொங்குகின்றன. முன்பெல்லாம் சாப்பாடு முடிந்ததும் விருந்தினர்கள் விடைபெற்றுக் கிளம்புவார்கள். இப்போது சாப்பாட்டிற்குப் பிறகுதான் விழாவே களைகட்டுகிறது. ஒரு திரை, இரண்டு ஒலிபெருக்கிகள், இரண்டு ஒலிவாங்கிகள், ஒரு மடிக்கணினி. இவ்வளவுதான் ஏற்பாடு. நிகழ்ச்சியை நடத்துபவர் சிரித்த முகத்துடன் கூட்டத்தைப் பார்த்து, "அடுத்து யாரு பாடப் போறீங்க?" என்று கேட்கிறார். பேரப்பிள்ளைகள் ஒரே குரலில், "பாட்டி, நீங்க பாடுங்க!" என்கிறார்கள்.

திருமண வரவேற்பு, பிறந்தநாள், புதுமனை புகுவிழா, ஓய்வுபெறுபவருக்கான பிரிவுபசார விருந்து என எந்த விருந்தாக இருந்தாலும் கரவோக்கே இன்று இடம்பிடித்துவிடுகிறது. இதற்கென்றே கருவிகளை வாடகைக்கு விடுவோரும் நிகழ்ச்சியை நடத்தித் தருவோரும் இருக்கிறார்கள். ஆனால், எல்லாரும் இதை விரும்பி வரவேற்பதில்லை. "இது வெறும் கூச்சல்" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். "இது இல்லாவிட்டால் விருந்தில் கலகலப்பே இருக்காது" என்று வேறு சிலர் வாதிடுகிறார்கள். குடும்ப விருந்துகளுக்குக் கரவோக்கே தேவைதானா? தேவையென்றால் அதை எப்படி நடத்துவது?

இந்தக் கேள்விகளுக்கு விடை காணும் முன் கரவோக்கே பிறந்த கதையை அறிந்துகொள்வது நல்லது. ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது இசைக்குழுவைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம். பாடகர் இல்லாமல் இசை மட்டும் ஒலிக்கும் ஏற்பாட்டையே இச்சொல் குறிக்கிறது. கோபே நகரத்தின் கேளிக்கை விடுதிகளில் வாடிக்கையாளர்கள் பாடும்போது இசைக்கருவி வாசித்து வந்தவர் டைசுக்கே இனோவே. நிறுவனத் தலைவர் ஒருவர் பயணம் ஒன்றுக்கு அவரைத் தம்முடன் வந்து வாசிக்கும்படி அழைத்தார். இனோவேயால் போக முடியவில்லை. அதனால், தாம் வாசிக்கவேண்டிய இசையை நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த யோசனைதான் 1971ஆம் ஆண்டு இயந்திரமாக உருவெடுத்தது. அவர் முதலில் உருவாக்கிய இயந்திரங்கள் 11 மட்டுமே. அவற்றுக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உலகெங்கும் பரவிய ஒரு கண்டுபிடிப்பால் கிடைத்திருக்கக்கூடிய பெருஞ்செல்வம் அவருக்குக் கிடைக்காமலேயே போனது.

2004ஆம் ஆண்டு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படும் 'இக் நோபல்' விருது இனோவேக்குக் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது இசைக்கான விருதன்று, அமைதிக்கான விருது. மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதியதொரு வழியைக் காட்டினார் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது வேடிக்கையாகச் சொல்லப்பட்டதுதான். ஆனாலும், அதில் ஓர் உண்மை இருக்கிறது. சுருதி தவறிப் பாடுபவருக்கும் கைதட்டும் பொறுமையைக் கரவோக்கே கற்றுத் தருகிறது.

கரவோக்கேயை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களையும் புறக்கணித்துவிட முடியாது. பல விருந்துகளில் ஒலிவாங்கி ஓரிருவர் கையிலேயே சுற்றி வருகிறது. நன்றாகப் பாடுபவர் நான்கு பாடல்களைத் தொடர்ந்து பாடுகிறார், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தில், பல மாதங்களுக்குப் பிறகு சந்தித்த உறவினர்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள முடிவதில்லை. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து, எல்லார் முன்னிலையிலும் பாடச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அன்றைய விருந்து கசப்பான நினைவாகவே தங்கிவிடும்.

இக்குறைகள் யாவும் உண்மையானவை. ஆனால், இவை கரவோக்கேயின் குறைகள் அல்ல. அதை நடத்தும் முறையில் உள்ள குறைகள். சமையல் கெட்டுப்போனால் அடுப்பைக் குறை சொல்வதில்லை. விருந்தில் கரவோக்கேயை நடத்துபவரின் பணி, பாடலைத் தேடிப் பொத்தானை அழுத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. யார் பாட விரும்புகிறார், யார் விரும்பவில்லை என்பதை அவர் முகக்குறிப்பிலேயே அறிந்துகொள்ளவேண்டும். விருப்பமானவர்களின் பெயரையும் பாடலையும் முன்கூட்டியே எழுதி வாங்கி வரிசைப்படுத்திக்கொண்டால், ஒருவரே தொடர்ந்து பாடும் நிலை ஏற்படாது. தனியாகப் பாடத் தயங்குபவரை இருவர் பாடும் பாடலில் சேர்த்துவிடலாம். பாடவே விரும்பாதவரை வற்புறுத்தாமல், அடுத்த பாடலைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கலாம்.

தொழில்நுட்ப அறிவும் இதற்குத் தேவைப்படுகிறது. திரைப்படப் பாடகர்கள் பாடிய உயர்ந்த சுருதியில் எல்லாராலும் பாட முடியாது. பாடுபவரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை இரண்டு படிகள் இறக்கிக் கொடுத்தால், திணறிய குரல் சீராகிவிடும். ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு நேராகப் பிடித்தால் காதைக் கிழிக்கும் கீச்சொலி எழும்; அதைத் தவிர்க்க, பாடுபவர் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நிற்கவேண்டும். பெரியவர்கள் கண்ணாடி இல்லாமலேயே படிக்கும்படி திரையில் எழுத்துகள் பெரிதாக இருக்கவேண்டும். இவை சிறிய செய்திகள்தான். ஆனால், ஒருவர் மகிழ்ச்சியோடு இருக்கைக்குத் திரும்புவதும் வெட்கத்தோடு திரும்புவதும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

திரையில் ஓடும் எழுத்துகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ்ப் பாடல்களுக்கான கரவோக்கே காணொளிகள் பலவற்றில் பாடல் வரிகள் ஆங்கில எழுத்துகளில்தான் வருகின்றன. 'பழம்' என்ற சொல்லிலுள்ள சிறப்பு ழகரத்தை ஆங்கிலத்தில் சிலர் ஒரு விதமாகவும் சிலர் வேறு விதமாகவும் எழுதுகிறார்கள். ணகரம், நகரம், னகரம் ஆகிய மூன்றும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. குறில் எது, நெடில் எது என்பதும் தெரிவதில்லை. இதைப் பார்த்துப் பாடும் இளையர்கள், பாடலின் மெட்டைச் சரியாகப் பாடினாலும் சொற்களைப் பிழையாக உச்சரிக்கிறார்கள். சொல் சிதைந்துவிட்டால் பொருளும் சிதைந்துவிடும்.

இதைச் சிறிய குறையென ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோரின் விகிதம் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்தது. 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பல வீடுகளில் தாத்தா பாட்டி தமிழில் கேட்க, பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். மூன்று தலைமுறைகளும் ஒன்றுகூடி, ஒரே தமிழ் வரியை ஒரே நேரத்தில் வாய்விட்டுச் சொல்லும் வாய்ப்பு அத்தகைய குடும்பங்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. குடும்ப விருந்தில் பாடப்படும் ஒரு பழைய பாடல் அந்த வாய்ப்பைத் தருகிறது. டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய பாடல்களைத் தாத்தா பாட்டி பாடுவார்கள். இளையராஜா இசையமைத்த பாடல்களைப் பெற்றோர் பாடுவார்கள். அண்மைய படங்களின் பாடல்களைப் பிள்ளைகள் பாடுவார்கள். ஒருவர் பாடலை மற்றவர் கேட்பதால், ஒரு தலைமுறையின் சொற்கள் இன்னொரு தலைமுறையின் காதுகளைச் சென்றடைகின்றன.

"பொருள் தெரியாமல் பாடுவதால் மொழி வளர்ந்துவிடுமா?" என்று கேட்கலாம். பாடுவதால் மட்டும் வளராது. ஆனால், பாடலில் வரும் ஒரு சொல்லின் பொருளைப் பேரன் கேட்க, தாத்தா விளக்கத் தொடங்கினால், அங்கே ஓர் உரையாடல் பிறக்கிறது. வீட்டில் மொழி வாழ்வது அத்தகைய உரையாடல்களில்தான். ஆகவே, கரவோக்கேயை ஏற்பாடு செய்யும் குடும்பங்கள், தமிழ் எழுத்துகளில் வரிகள் உள்ள காணொளிகளைக் கேட்டுப் பெறவேண்டும். கேட்பவர்கள் பெருகினால் அவற்றைத் தயாரிப்பவர்களும் பெருகுவார்கள். பாடல் வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்து திரையில் காட்டும் பொறுப்பை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம்.

பொறுப்பு விருந்தினர்களோடு முடிவதில்லை. அண்டைவீட்டாரையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சுவா சூ காங் ஒரு காலத்தில் கம்பங்களும் பண்ணைகளும் நிறைந்த வட்டாரமாக இருந்தது. வீடுகளுக்கு இடையே தோட்டமும் மரங்களும் இருந்தன. இன்றோ ஒரு வீட்டின் கூரை இன்னொரு வீட்டின் தரை. கீழ்த்தளத்தில் எழும் சத்தம் மேல்மாடிகளில் உள்ள வீடுகளுக்குள்ளும் நுழைகிறது. அவ்வீடுகளில் கைக்குழந்தைகள் இருப்பார்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் இருப்பார்கள். இரவு வேலை முடித்து உறங்குபவர்கள் இருப்பார்கள். முரசுபோல் அதிரும் தாழ்வான ஒலி, சன்னமான ஒலியைவிட எளிதாகச் சுவர்களை ஊடுருவும். கதவையும் சன்னலையும் மூடினாலும் அதைத் தடுப்பது கடினம்.

அண்டைவீட்டுச் சத்தம் சிங்கப்பூரில் நெடுநாளாகப் பேசப்படும் சிக்கல். இத்தகைய பூசல்களைப் பேசித் தீர்க்க 1998ஆம் ஆண்டு சமூக மத்தியஸ்த நிலையம் தொடங்கப்பட்டது. பேச்சால் தீராதவற்றை விசாரிக்க 2015ஆம் ஆண்டு தனி நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு, அண்டைவீட்டுச் சத்தம் குறித்து ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு, இரவு 10.30 மணி முதல் காலை 7 மணிவரை என்றிருந்த அமைதி நேரத்தை, இரவு 10 மணி முதல் காலை 8 மணிவரை நீட்டிக்கும்படி பரிந்துரைத்தது.

எனினும், விதிமுறைகளை மட்டும் நம்பி நல்லுறவை வளர்க்க முடியாது. கீழ்த்தளத்தைப் பயன்படுத்த நகர மன்றத்தின் அனுமதியைப் பெறுவது கடமை. மேல்மாடியில் இருக்கும் மலாய்க் குடும்பத்திடமும் எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடமும் சில நாள்களுக்கு முன்பே சென்று சொல்வது பண்பு. சொல்வதோடு நிறுத்தாமல் அவர்களையும் விருந்துக்கு அழைக்கலாம். பாடல் பட்டியலில் ஒரு மலாய்ப் பாடலையும் ஒரு சீனப் பாடலையும் சேர்த்து வைத்தால், அழைப்பு வெறும் வாய்வார்த்தையாக இருக்காது. ஒலிபெருக்கிகளை வீடுகளை நோக்கித் திருப்பாமல் இருப்பதும், தாழ்வான ஒலியைக் குறைத்து வைப்பதும், அமைதி நேரத்திற்கு முன்பே கடைசிப் பாடலை முடித்துவிடுவதும் நடத்துபவரின் கையில் இருக்கின்றன. விருந்தினர்கள் "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று கேட்பார்கள். அப்போது இனிமையாக மறுக்கத் தெரிந்தவரே நல்ல நடத்துநர்.

இனோவேக்குக் கிடைத்த விருதின் காரணத்தை இங்கு மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். கேட்பவர்கள் பாடுபவரைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது ஒரு பாதி. அந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பாடுபவர்கள் உணர்ந்து நடப்பது மறுபாதி. விருந்தில் இருப்பவர் விரும்பி வந்தவர். மேல்மாடியில் இருப்பவருக்கு அந்தத் தெரிவு இல்லை. விருந்தினரின் மகிழ்ச்சிக்கு அண்டைவீட்டார் தம் உறக்கத்தை விலையாகக் கொடுக்கவேண்டியதில்லை.

கரவோக்கே குடும்ப விருந்துகளில் இருக்கவேண்டும். பேச வார்த்தையில்லாமல் கைப்பேசியில் மூழ்கிக் கிடக்கும் உறவினர்களை அது ஒரே திரையைப் பார்க்க வைக்கிறது. ஆனால், ஒலிவாங்கி எல்லார் கைக்கும் போகவேண்டும். வரிகள் தமிழில் ஓடவேண்டும். சத்தம் அளவோடு இருக்கவேண்டும். அந்தக் கீழ்த்தளத்தில் பாட்டி தயங்கித் தயங்கி ஒலிவாங்கியை வாங்கிக்கொள்கிறார். நடத்துபவர் சுருதியைச் சற்று இறக்குகிறார். பேத்தி அருகில் நின்று திரையிலுள்ள தமிழ் வரிகளை விரலால் சுட்டிக்காட்டுகிறாள். பாட்டியோ திரையைப் பார்க்கவே இல்லை. பாடல் முழுவதும் அவருக்கு மனப்பாடம். இத்தனை நாளும் பாட்டி பாடுவார் என்பதே அந்தப் பேத்திக்குத் தெரியாது.