டிலீட் பண்ணினால் போதுமா?

ஒருகொடவத்தையில் ஆசிரியர்களாகிய நாம் பழைய மடிக்கணினியை விற்கும்போது, "எல்லாம் டிலீட் பண்ணியாச்சு" என்று நிம்மதியாக இருக்கிறோம். அதில் இருந்தது பிள்ளைகளின் புள்ளிகள், பெற்றோரின் அடையாள அட்டை இலக்கங்கள்.

எஸ்எஸ்டி தேய்மானத்தைப் பகிர்வதற்காகப் புதியதை வேறு இடத்தில் எழுதும். அதனால் மேலே எதை நிரப்பினாலும் பழையது எங்காவது மிஞ்சலாம். முழுவதையும் அழிக்கும்படி டிரைவுக்கே சொல்ல வேண்டும். லினக்ஸில் அதற்குக் கட்டளை உண்டு: என்விஎம்இ வகைக்கு 'என்விஎம்இ ஃபார்மட்', செக்யூர் இரேஸ் தெரிவோடு, சாட்டா வகைக்கு 'எச்டிபார்ம்'. முதலில் 'எல்எஸ்பிஎல்கே' அடித்து டிரைவின் பெயரைச் சரிபாருங்கள். தவறினால் வேறு டிரைவ் போய்விடும், திரும்ப வராது.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது. சட்டம் கேட்கும் முன்பே இது நம் கையில் இருக்கும் அமானிதம். வேர்ட், எக்செல் படிப்பிக்கும் நாம் இதையும் படிப்பிப்போம்.