இடைமுகத்தை எழுதிக் காட்டுங்கள்

மின்சுற்றுத் தீர்வியையும் மின்காந்தப் புலத் தீர்வியையும் கோத்து ஓட்டும் கட்டுரைகளில் வலைக்கண்ணின் நுண்மைக்கும் காலப்படிக்கும் பல பத்திகள் கிடைக்கின்றன. ஒன்று மற்றதற்கு எதைக் கொடுத்தது, எதை வாங்கியது என்பது மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. முடிவை நம்பலாமா என்பது அந்த வரியைப் பொறுத்தது.

செர்னின் எல்.எச்.சி. துகள் முடுக்கியைப் பாருங்கள். 1,232 இருமுனைக் காந்தங்கள், எட்டுப் பகுதிகள். பகுதிக்கு 154 காந்தங்கள் தொடரிணைப்பில். ஒரு காந்தம் குவென்ச் ஆகிறது, அதாவது மீக்கடத்தும் நிலையை இழக்கிறது என்று கொள்வோம். அதைப் புல மாதிரியாகவும் மற்ற 153ஐச் சுற்று மாதிரியாகவும் வைக்கிறோம். சுற்று மின்னோட்டத்தைத் தருகிறது, புலம் மின்னழுத்தத்தைத் திருப்பித் தருகிறது. ஒவ்வொரு மறுகணிப்பிலும் பிழை பெருகும் காரணி, புலப்பக்க இண்டக்டன்ஸைச் சுற்றுப்பக்க இண்டக்டன்ஸால் வகுத்த விகிதம். இங்கே அது 153இல் ஒரு பங்கு. கணக்கு உடனே ஒருங்கிவிடும். ஆனால் காந்தத்தின் முனைகளில் ஏறத்தாழ 6 வோல்ட் எழுந்ததும் பைபாஸ் டயோடு கடத்தத் தொடங்குகிறது. இப்போது காந்தத்தின் மின்னோட்டம் டயோடு வழியாகவே சுற்றி வரலாம். அந்த வழியில் சுற்றுப்பக்கத்துக்கு எஞ்சுவது இணைப்புக் கம்பிகளின் சொற்ப இண்டக்டன்ஸ். விகிதம் ஒன்றைத் தாண்டுகிறது, அதுவரை ஒருங்கிய அதே கணக்கு விரிகிறது.

உடனே காலப்படியைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். அது நோயை வளர்க்கும். அந்த விகிதத்தை முழுமையாக எழுதினால், அதன் பகுதியில் சுற்றுப்பக்க இண்டக்டன்ஸோடு சுற்றின் மின்தடையும் காலப்படியும் பெருக்கலாகச் சேர்கின்றன. காலப்படி சிறுத்தால் பகுதி சிறுக்கும், காரணி பெருகும். 1982இல் லெலராஸ்மி, ரூஹ்லி, சாஞ்சோவன்னி-வின்சென்டெல்லி ஆகியோர் இத்தகைய மறுகணிப்பு முறையான வேவ்ஃபார்ம் ரிலாக்சேஷனை மாஸ் (MOS) சுற்றுகளுக்காக முன்வைத்தார்கள். அங்கே ஒவ்வொரு கணுவிலும் தரையோடு இணைந்த மின்தேக்கி ஒருங்கலைக் காத்தது. காந்தச் சுருளில் அந்தக் காவல் இல்லை.

மருந்து எளியது. புலத் தீர்வி மின்னழுத்தத்தோடு அந்த இயங்குநிலைக்கான வகைக்கெழு இண்டக்டன்ஸையும் சுற்றுக்குத் தரட்டும். மதிப்பீடு துல்லியமாக இருக்க வேண்டியதில்லை: மதிப்பீட்டுக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாட்டை, மதிப்பீட்டோடு சுற்றுப்பக்க இண்டக்டன்ஸைக் கூட்டி வகுத்ததுதான் புதிய காரணி. பத்து விழுக்காடு தவறினாலும் சில மறுகணிப்புகளில் கணக்கு நிலைகொள்ளும். இரும்பு தெவிட்டும்போதும், வேகமான மாற்றத்தில் இழைகளுக்கிடையே மின்னோட்டங்கள் எழும்போதும் அந்த இண்டக்டன்ஸ் நகரும் என்பதால், தொடக்கத்தில் எடுத்த ஒரே எண்ணை இறுதிவரை வைத்திருக்கக் கூடாது.

எனவே இனி வரும் கட்டுரைகளில் இடைமுகத்தில் கடத்திய அளவுகளையும், ஒரு காலச்சாளரத்துக்கு எத்தனை மறுகணிப்பு என்பதையும் எழுதுங்கள். சுற்று கொடுத்த ஆற்றலும் புலம் பெற்ற ஆற்றலும் எவ்வளவு பொருந்தின என்பதை ஒரு வரைபடமாகத் தாருங்கள். கட்டுரைகளை மதிப்பிடுவோரும் முதலில் அந்தப் படத்தைக் கேட்க வேண்டும்.