உல்லாசக் கப்பலும் ஊழியர் சம்பளமும்

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டா தீவில் 2018 மார்ச்சு மாதத்தில் ஒரு கப்பல் கைது செய்யப்பட்டது. மனிதனைக் கைது செய்வது போலவே கப்பலைக் கைது செய்வதும் கடற்சட்டத்தில் உண்டு. அவ்வாறு கைதான பின், கோர்ட்டு விடுதலை செய்யும் வரையில் நங்கூரம் எடுக்க எந்தப் பிரபுவுக்கும் அதிகாரமில்லை. கைதியான கப்பலின் பெயர் "இந்தியன் எம்பிரஸ்". இந்தியச் சக்கரவர்த்தினி என்பது பொருள். அவளுடைய எஜமானராக உலகம் அறிந்திருந்தவர் ஸ்ரீ விஜய் மல்லையா. கப்பலில் ஊழியம் செய்த 40க்கு மேற்பட்ட மாலுமிகளுக்கு 2017 செப்டம்பரிலிருந்து சம்பளம் நின்றுபோயிற்று. பாக்கி 10 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய ஒரு கப்பல், கூலி கொடாத குற்றத்துக்காக அன்னியத் துறைமுகத்தில் பிடிபட்டது நமக்குத் தலைகுனிவே.

பழைய கதையை இப்பொழுது கிளறுவானேன் என்று சிலர் கேட்கலாம். அக்கதையில் நமது பார்லிமெண்டு கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது, இன்னும் கற்றுக்கொண்டபாடில்லை. அதனாலேயே எழுதுகிறோம்.

யாட் என்று மேனாட்டார் வழங்கும் இவ்வுல்லாசக் கப்பல்களின் இலட்சணத்தை முதலில் பார்ப்போம். "இந்தியன் எம்பிரஸ்" 95 மீட்டர் நீளமுடையது. ஹாலந்து தேசத்து ஓஷன்கோ என்னும் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டில் கட்டாரின் அரச குடும்பத்துக்காக அதைக் கட்டிக் கொடுத்தது. 2006இல் அது ஸ்ரீ மல்லையாவின் கைக்கு வந்தது. மொனாக்கோ துறைமுகத்தில் மோட்டார்ப் பந்தய காலங்களில் அதன் மேல்தளத்தில் நடந்த விருந்துகளின் வைபவத்தை நமது நாட்டுப் பத்திரிகைகள் படங்களுடன் பிரசுரித்து வந்தன. இக்காலத்துக் குபேரர்களுக்கு 95 மீட்டரும் சிறிது. 2013இல் ஜெர்மனியில் லுர்சன் கம்பெனி கட்டி முடித்த "அஸாம்" 180 மீட்டர் நீளம்.

இவற்றின் அமைப்பை நிர்ணயிப்பது கடலும் காற்றும் மட்டுமே என்று எண்ணலாகாது. சட்டப் புத்தகமும் ஒரு சிற்பியே. 1912இல் டைடானிக் மூழ்கியதன் பயனாக 1914இல் முதன்முதல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையின் வழிவந்த இன்றைய விதிகளின்படி, 12 பேருக்கு மேல் பிரயாணிகளை ஏற்றும் கப்பல் பிரயாணிக் கப்பலாகும். உயிர்ப்படகு, தீத்தடுப்பு முதலியவற்றில் அதற்குக் கட்டுப்பாடு மிக அதிகம். ஆகவே 300 அடிக் கப்பலிலும் பெரும்பாலும் 12 விருந்தினருக்கே அறைகள் வகுக்கிறார்கள். அந்தப் பன்னிருவருக்குப் பணிவிடை செய்ய 30, 40, 50 பேர் கீழ்த்தளத்தில் அடைந்து கிடப்பார்கள். 500 டன் கொள்ளளவை எட்டினாலும் விதிகள் பெருகும். அதற்கஞ்சி 499 டன்னில் நிறுத்திக் கட்டிய யாட்டுகள் எத்தனையோ. மேல்தளத்துக்கு மட்டும் சிக்கனம் இல்லை. பர்மாத் தேக்குதான் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களைக் கண்டவர்களுக்கு அத்தேக்கின் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. 2021இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பறித்த பின், அதன் மரவாணிபத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை விதித்தன. மரம் எங்கிருந்து வந்தது என்று தக்கபடி விசாரியாமல் இறக்குமதி செய்ததற்காக, ஸன்ஸீக்கர் என்ற ஆங்கில யாட் கம்பெனிக்கு 2024இல் கோர்ட்டு அபராதம் விதித்தது.

வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷந்தோறும் பராமரிப்புக்கு வேண்டுமென்பது அத்தொழிலில் வழங்கும் கணக்கு. சம்பளம், எண்ணெய், துறைமுக வாடகை, இன்ஷூரன்ஸ், வர்ணப்பூச்சு என்று யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். பணத்தின் மமதை எதுவரை போகும் என்பதற்கு ராட்டர்டாம் நகரத்தில் நடந்ததே சாட்சி. அமெரிக்க வர்த்தகர் ஜெப் பெஸோஸுக்காக "கோரு" என்ற 127 மீட்டர்ப் பாய்க்கப்பல் தயாராயிற்று. விலை சுமார் 50 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதன் மூன்று பாய்மரங்களும் டே ஹெப் என்னும் ரயில் பாலத்தின் கீழ் நுழையமாட்டா. பாலமோ 1927இல் கட்டியது. யுத்தத்தில் குண்டுவீச்சுக்கு இலக்காகி மீண்டும் எழுந்தது. அப்பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்றி வழிவிட வேண்டும் என்ற யோசனை 2022 பிப்ரவரியில் வெளியானதும், நகரத்தார் கப்பலின் மீது அழுகிய முட்டை வீசக் கூடுவோம் என்று ஆயத்தமானார்கள். கட்டிய கம்பெனி பின்வாங்கிற்று. அவ்வருஷம் ஆகஸ்டில் பாய்மரம் நாட்டாமலே கப்பலை வேறு வழியாக இழுத்துச் சென்றார்கள். ராட்டர்டாம் வாசிகளை நாம் பாராட்டுகிறோம். செல்வனுக்காக ஊர்ப் பாலத்தைக் கழற்றுவதென்றால், நம் ஊர்களில் முட்டைக்குப் பதில் மாலையை எடுத்துக்கொண்டு ஓடுவோர் இல்லையென்று சொல்ல முடியுமா?

இனி, கப்பல் யாருடையது என்ற விஷயம். இங்கேதான் மேனாட்டு வக்கீல்களின் சாமர்த்தியமெல்லாம் வெளிப்படுகிறது. விருந்தின்போது எஜமானர் யார் என்பது துறைமுகம் முழுவதற்கும் தெரியும். வரி கேட்டாலோ கடன் கேட்டாலோ எஜமானர் மறைந்துவிடுவார். ஒரு தீவின் கொடி பறக்கும். மற்றொரு தீவில் பதிவான கம்பெனி உடையவராக நிற்கும். அக்கம்பெனியின் பங்குகளை ஒரு தர்மகர்த்தா வைத்திருப்பார். "இந்தியன் எம்பிரஸ்" பறக்கவிட்டதும் இந்தியக் கொடியன்று. ஐல் ஆப் மான் என்ற சிறு தீவின் கொடி. தமிழ்நாட்டுப் பத்திர ரிஜிஸ்தர் ஆபீசுகளில் பினாமி என்ற சொல் தெரியாதவர் இல்லை. மேனாட்டில் அதே சரக்குக்குத்தான் இத்தனை அலங்காரப் பெயர்கள்.

இந்தப் பினாமித் திரையைக் கிழிப்பது வல்லரசுகளுக்கும் எளிதாயில்லை. 2022இல் ரஷ்யா உக்ரைனின்மீது படையெடுத்ததும் ரஷ்யக் கோடீசுவரர்களின் கப்பல்களைப் பல தேசங்கள் பிடித்தன. பிஜித் தீவின் லௌடோகா துறைமுகத்தில் அமெரிக்காவின் வேண்டுகோளின்படி "அமேதியா" பிடிபட்டது. அது சுலைமான் கெரிமோவுடையது என்றது அமெரிக்க சர்க்கார். என்னுடையது என்று எடுவர்ட் குதைனதோவ் முன்வந்தார். அவர் வெறும் பினாமியே என்று நியூயார்க் கோர்ட்டு 2025 மார்ச்சில்தான் தீர்ப்பளித்தது. மூன்று வருஷ காலமும் கப்பலுக்குத் தீனி போட்டது யார்? அமெரிக்க ஜனங்களின் வரிப்பணம். இன்ஷூரன்ஸ் உள்பட மாதம் 7 லட்சம் டாலருக்கு மேல் செலவாவதாக அந்நாட்டு சர்க்காரே கோர்ட்டில் சொல்லிக்கொண்டது. இத்தாலியில் டிரியெஸ்டே துறைமுகத்தில் 2022இல் முடக்கப்பட்ட, 53 கோடி யூரோ பெறும் என்று மதிப்பிடப்பட்ட மற்றொரு பாய்க்கப்பலின் பராமரிப்பும் இத்தாலியப் பொக்கிஷத்தின் தலையில் விழுந்தது. பணக்காரனின் யானையைப் பிடித்துக் கட்டிய பாவத்துக்கு ஏழைகள் கரும்பு வாங்கிப் போட வேண்டியதாயிற்று.

பெரிய பெரிய சர்க்கார்கள் திணறிய இவ்விடத்தில், மால்டாவில் நின்ற மாலுமிகளுக்கு அத்திணறல் இல்லை என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கப்பல் யாருடையது என்று அவர்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கடற்சட்டத்தில் கப்பலே பிரதிவாதி. அதில் உழைத்தவனுடைய கூலி அதன் மரத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு நிற்கும். எஜமானர் மாறினாலும் கொடி மாறினாலும் பற்று விடாது. கப்பலை அடமானம் வாங்கிய பாங்கிக்கும் முந்தியது அந்தப் பாத்தியதை. இதுவன்றி, கைவிடப்பட்ட மாலுமிகளின் நான்கு மாதச் சம்பளம் வரையில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டுமென்று கடல் தொழிலாளர் உடன்படிக்கையில் ஏற்பட்ட திருத்தம் 2017 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதைக் கொண்டு நாட்டிலஸ் என்ற மாலுமிகள் சங்கம் 6,15,000 டாலரை முதலில் வசூலித்தது. எஞ்சிய பாக்கிக்காகக் கப்பலையே பிடித்தார்கள். 2018 ஜூனில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 35 லட்சம் யூரோவுக்குக் கேட்டவர் பணம் கட்டவில்லை. செப்டம்பரில் கப்பல் 3½ கோடி யூரோவுக்கு விலைபோயிற்று. அவ்வுடன்படிக்கையிலும் ஓட்டை இல்லாமலில்லை. வாணிபத்துக்கென்று, அதாவது வாடகைக்கு, விடப்படும் யாட்டுக்குத்தான் அது பொருந்தும். சொந்த உல்லாசத்துக்கென்று மட்டும் பதிவான கப்பலின் மாலுமி அதற்குப் புறம்பானவன்.

அதே எஜமானரின் கீழ்க் கரையில் வேலை பார்த்தவர்கள் கதி என்ன? கிங்பிஷர் விமானக் கம்பெனி 2005இல் பறக்கத் தொடங்கிற்று. 2012இல் அதன் சிப்பந்திகள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். அக்டோபரில் விமானங்கள் நின்றன. கப்பலோ மேலும் ஐந்து வருஷம் மிதந்தது. ஸ்டேட் பாங்கியைத் தலைமையாகக் கொண்ட பாங்கிகள் 9,000 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கையில், 2016 மார்ச்சு 2ந் தேதி ஸ்ரீ மல்லையா லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவர் ராஜ்யசபை அங்கத்தினரும்கூட. கம்பெனியைக் கலைக்க உத்தரவானது அவ்வருஷம் நவம்பரில். மாலுமிகள் ஆறு மாதப் பாக்கிக்குக் கப்பலை நிறுத்தினார்கள். விமானச் சிப்பந்திகள் நான்கு வருஷம் காத்து நின்று கண்டது கலைப்பு உத்தரவு மட்டுமே. இரு சாராரும் உழைத்தவர்களே. ஒருவருக்குச் சட்டம் ஒரு பிடியைக் கொடுத்திருந்தது. மற்றவருக்கு மனு எழுதும் காகிதத்தைத்தான் கொடுத்திருந்தது.

மாலுமியின் உரிமை நமது நாட்டுக்கு அன்னியமானதென்று யாரும் சொல்ல வேண்டாம். 2017இல் நமது பார்லிமெண்டு இயற்றிய கடல்வழக்குச் சட்டத்தின் 9வது பிரிவு, கப்பலின் மேலுள்ள பற்றுரிமைகளில் முதலாவதாக மாலுமிகளின் சம்பளத்தையே வைக்கிறது. மற்றப் பற்றுரிமைகள் ஒரு வருஷத்தில் காலாவதியாகும்போது சம்பளத்துக்கு இரண்டு வருஷம் கெடுவும் தருகிறது. 10வது பிரிவு அப்பற்றுரிமைகளை அடமானத்துக்கு முன்னே நிறுத்துகிறது. இதற்கு ஒரு வருஷம் முன்னர் அதே பார்லிமெண்டு செய்த திவால் சட்டத்தின் 53வது பிரிவைப் பாருங்கள். தொழிலாளியின் 24 மாதப் பாக்கி, ஈட்டுக் கடன் கொடுத்தவனுக்குச் சமமாக நிற்கிறது, முந்தி நிற்கவில்லை. தொழிலாளி என்ற இலக்கணத்துக்குள் வராத சிப்பந்திகளின் 12 மாதப் பாக்கி அதற்கும் அடுத்த படியில். தவிரவும், பாங்கி தன் ஈட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்கு வெளியே போய் விற்றுக்கொள்ளவும் வழியுண்டு. விமானங்களைக் குத்தகைக்கு விடும் கம்பெனிகளின் உரிமையைக் காக்க 2025இல் தனிச்சட்டமே வந்துவிட்டது. அதற்கு மூலமான சர்வதேச உடன்படிக்கையில் சேரும்பொழுது நமது சர்க்கார் சிப்பந்திகளின் சம்பளத்துக்கு முன்னுரிமை வைத்தது உண்மையே. ஆனால், தவணை தவறியதாக அறிவிக்கப்பட்ட நாளுக்குப் பின் ஏறும் பாக்கிக்கு மாத்திரமே அது பொருந்தும். கம்பெனி நொடிந்துவரும் மாதங்களில், நாளைக்கு வரும் நாளைக்கு வரும் என்று நம்பி உழைத்த சம்பளம் அந்த முன்னுரிமைக்குள் அடங்கவில்லை.

மாலுமிக்குக் கப்பல் எப்படியோ, அப்படியே சிப்பந்திக்கு விமானமும் ஆலையும் ஆக வேண்டும் என்பது நமது கோரிக்கை. 53வது பிரிவைத் திருத்தி, தொழிலாளி சிப்பந்தி என்ற பேதமின்றி, குறிப்பிட்ட மாதங்களின் சம்பளத்தை ஈட்டுக் கடனுக்கு முன்னே வைக்க வேண்டும். வரிசைக்கு வெளியே ஈட்டை விற்கும் பாங்கியும் முதலில் அச்சம்பளத்தை எண்ணி வைத்துவிட்டே மீதியை எடுத்துக்கொள்ளட்டும். இப்படிச் செய்தால் கைத்தொழிலுக்குக் கடன் கொடுப்பார் இல்லாமற் போவார்கள் என்று பாங்கி முதலாளிகள் முறையிடுவார்கள். கப்பலின்மேல் கடன் கொடுப்பது எங்காவது நின்றுபோயிற்றா? மாலுமி தங்களுக்கு முன்னே நிற்கிறான் என்று அறிந்துதான் லண்டன் பாங்கிகளும் ஹாம்பர்க் பாங்கிகளும் கொடுத்து வருகின்றன. அவ்வாறு அறிந்தவனுக்கு, கடன் வாங்கியவன் மாதம் பிறந்தால் சம்பளம் பட்டுவாடா செய்கிறானா என்று விசாரித்துக்கொள்வது சொந்த லாபம். கிங்பிஷருக்குக் கடன் கொடுத்த நமது பாங்கிகளுக்கு அப்படி விசாரிக்கச் சட்டம் ஒரு காரணமும் வைத்திருக்கவில்லை.