கிளியனூர்ப் பிள்ளை எந்தக் கணக்கில்?

"படிப்பைப் பற்றிக் கவர்மென்டு சொல்ற கணக்கெல்லாம் சும்மா." திண்டிவனம்–புதுச்சேரிச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்துக் கிளியனூரில் பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். படித்தவர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். அவர்கள் அடுக்கும் காரணங்களில் ஒன்று உண்மை. மற்றவை நிற்காது.

ஊர் அளவில் எண்ணே கிடைக்காது என்கிறார்கள். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, ஒவ்வொன்றுக்கும் அரசின் பள்ளித் தகவல் தொகுப்பான யுடைஸில் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது 33இல் தொடங்கும். பிறகு மாவட்டம், ஒன்றியம், ஊர், கடைசி இரண்டு இலக்கத்தில் பள்ளி. அந்த எண்ணைக் கொண்டு யுடைஸ் தளத்தில் தேடினால் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறை உண்டா என்பதுவரை தெரியும். அங்கே இல்லாததற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தேடாமலே இல்லை என்பது நம் சோம்பல்.

ஒரு கணக்கு இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை என்பது அடுத்த புகார். ஒத்துப்போகாதுதான். ஐப்பசி மழையில் மரக்காணம் உப்பளத்தைப் போய்ப் பார்த்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். சித்திரையில் போனால் உப்புக் குவியல். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 7 வயது நிரம்பியவர்களில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்று வீடு வீடாகக் கேட்டது. யுடைஸ், பள்ளிப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்கிறது. கேள்வியே வேறு. போதாததற்கு, 2011இன் விழுப்புரம் மாவட்டத்தில் கள்ளக்குறிச்சியும் சேர்த்தி. 2019இல் அது தனியாகப் போய்விட்டது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து 'மாவட்டம் சரிந்துவிட்டது' என்று எழுதுகிறவரை என்ன சொல்ல?

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரம். இங்கே குடியிருந்துகொண்டு அங்கே படிக்கப் போகும் பிள்ளை, மக்கள்தொகையில் விழுப்புரத்துக்காரன். பள்ளிக் கணக்கில் புதுச்சேரிக்காரன். பள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவனை எண்ணுவார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

சேர்க்கை விகிதம் 100ஐத் தாண்டுவதைக் காட்டிச் சிரிப்பவர்களும் உண்டு. அது மொத்தச் சேர்க்கை விகிதம். வயது தாண்டிப் படிக்கிறவனையும் முந்திச் சேர்ந்தவனையும் மேலே கூட்டி, உரிய வயதுப் பிள்ளைகளைக் கொண்டு கீழே வகுத்தால் 100ஐத் தாண்டத்தான் செய்யும்.

நாட்டின் மாணவர் எண்ணிக்கை 2021-22இல் 26.52 கோடி, அடுத்த ஆண்டு 25.17 கோடி. ஒரே ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் காணோம், ஆகவே எல்லாம் புளுகு என்கிறார்கள். 2022-23இல்தான் பள்ளிவாரி மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பதியத் தொடங்கினார்கள். பழைய எண்ணில் ஊதல் இருந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊதலை வெளியே காட்டியதும் அதே அரசுக் கணக்குதான். அரசுக் கணக்குக்குப் பதிலாகச் சிலர் காட்டும் 'அசர்' போன்ற தனியார் ஆய்வுகள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று நேரில் சோதிப்பவை, நல்லவை. ஆனால் மாவட்டத்துக்கு 30 ஊர், ஊருக்கு 20 வீடு என்று போகிற ஆய்வு கிளியனூரைப் பற்றித் தனியாக என்ன சொல்ல முடியும்?

சரி, உண்மையான அந்த ஒரு குறை. விகிதம் எதுவானாலும் கீழே வகுப்பதற்கு மக்கள்தொகை வேண்டும். கடைசியாகத் தலை எண்ணியது 2011இல். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. மதிப்பீட்டை வைத்தே ஓட்டுகிறார்கள். 2011 கோடையில் பிறந்த பையன் பத்தாம் வகுப்பு வயதுக்கு வந்துவிட்டான். 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்ட கணக்கெடுப்பில்தான் அவன் பெயர் முதன்முதலாக ஏறப்போகிறது.