உறுதிமொழி பாடமாகாது

நோயாளியின் நம்பிக்கையும் அவர் வளர்ந்த பண்பாடும் மருத்துவ மேற்படிப்பில் பாடமாக இருக்க வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆன்மிகத்தையும் உடல்நலத்தையும் சேர்த்து ஆராயும் மையம் 1998இல் தொடங்கிவிட்டது. அதற்கும் வெகு முன்பே, 1967இல், லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், மரணப் படுக்கையில் இருப்பவரின் வேதனையில் உடல் வலி ஒரு பங்குதான் என்று மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நம் நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குள்ளும் ஆன்மிகமும் பண்பாடும் வந்துவிட்டன. வந்த லட்சணம்தான் சகிக்கவில்லை.

இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் ஒகேனக்கல் வரை போய்ப் பார்க்கலாம். அருவிக்கரைப் பாறையில் துண்டோடு ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். மசாஜ் தொழிலாளி உள்ளங்கையில் எண்ணெய் வார்த்து முதுகுத்தண்டு நெடுகத் தேய்ப்பார், தோளில் தட்டுவார், கடைசியில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பார். எழுந்தவர் அருவியில் நின்றுவிட்டு மீன் வறுவலுக்குப் போவார். சுற்றுலாவுக்கு வந்தவருக்கு இது ஒரு நாள் சுகம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமத்தவர் பலருக்கு இதுதான் முதுகுப் பிடிப்புக்கும் மூட்டு வலிக்கும் முதல் வைத்தியம். ஊர் திரும்பியும் வலி விடாதபோதுதான் அரசு மருத்துவமனை நினைவுக்கு வரும்.

அந்த வலிக்குப் பின்னால் வேறொன்று இருக்கலாம். இந்த இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். எலும்பில் ஏறினால் முதுகும் மூட்டும் இறுகும். பார்ப்பதற்கு வாதம் போலவே இருக்கும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கப்பட்டு 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆக, நோயாளியிடம் கேட்க வேண்டியவை இரண்டு: எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார்? வலிக்கு இதுவரை யாரிடம் போனார்? இரண்டாவது கேள்வியை ஏளனம் இல்லாமல் கேட்கத் தெரிய வேண்டும். முகம் சுளித்துக் கேட்டால் பதில் வராது. அம்மை கண்ட வீட்டிலும் இதே கதைதான். வாசலில் வேப்பிலை கட்டிய பிறகு, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுவர மாட்டார்கள். அந்த வீட்டுப் பாட்டியோடு எப்படிப் பேசுவது என்பது மருத்துவம் சார்ந்த திறமை. அதைக் கற்பிக்கலாம், தேர்வும் வைக்கலாம்.

நம் நாட்டில் பாடத்திட்டம் எழுதும் தேசிய மருத்துவ ஆணையத்தார் கற்பிக்க நினைத்தது என்ன? 2022 பிப்ரவரியில், மாணவர்கள் காலங்காலமாக எடுத்துவந்த ஹிப்போகிரடிஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் உறுதிமொழியை முன்வைத்தார்கள். மார்ச் இறுதியில் வந்த வழிகாட்டுதலில் அதற்கு இடமும் கொடுத்தார்கள். கூடவே ஜூன் 21 யோகா தினத்தில் முடிகிற பத்து நாள் யோகப் பயிற்சி. அடுத்த ஆண்டு ஆணையத்தின் இலச்சினையில் தன்வந்திரி வண்ணத்தில் எழுந்தருளினார். பண்பாடு என்ற தலைப்பில் இவர்களுக்குத் தோன்றியவை இவ்வளவுதான்: ஓர் உறுதிமொழி, ஓர் ஆசனம், ஒரு படம்.

மதுரையில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஏப்ரல் 30 அன்று மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சரகர் உறுதிமொழியின் சமஸ்கிருத வாக்கியங்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். கல்லூரி முதல்வர் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்ச் சில நாளில் திரும்பினார். முடிவெடுத்த யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை என்ற விளக்கத்தோடு ஒதுங்கிக்கொண்டார்கள்.

சரகர் பெரிய மருத்துவர். அவர் பெயரில் வழங்கும் நூலை மருத்துவ வரலாற்றில் படித்தே ஆக வேண்டும். அதே நூலில் உள்ள மூல உறுதிமொழி, கணவனோ காப்பாளரோ உடன் இல்லாத பெண்ணுக்கு வைத்தியம் செய்யாதே என்கிறது. பென்னாகரம் வட்டாரத்தில் கணவன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்க, கைக்குழந்தையோடு தனியாகப் பேருந்தேறி மருத்துவமனைக்கு வருகிற பெண்கள் எத்தனை பேர்! அவர்களை யார் பார்ப்பது? பழைய நூலைப் பழைய நூலாக வைத்து ஆராய்வது படிப்பு. அதைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்குவது சடங்கு. இந்த வேறுபாடு முதலாண்டு மாணவனுக்குக்கூட விளங்கும். விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கவில்லை.

இவர்களின் பழைய கணக்கைப் புரட்டினால் வியப்பு போய்விடும். 2023 ஆகஸ்டில் இளநிலைப் படிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். 2024 ஆகஸ்ட் 31இல் இன்னொன்று. அதில் தன்பால் உறவு இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்களின் பட்டியலில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 2018லேயே முடித்துவைத்த விவகாரம் அது. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் மருத்துவப் பாடத்தைத் திருத்தச் சொல்லி, இவர்களும் தலையாட்டியிருந்தார்கள். ஆட்டிய தலை மூன்றே ஆண்டில் மறந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் செப்டம்பர் 5இல் வாபஸ், 12இல் திருத்திய பதிப்பு. வீட்டுப்பாடத்தைப் பேருந்தில் எழுதுகிற பையன்கூட இதைவிடக் கவனமாக எழுதுவான். மனித உடலைப் பற்றிய பாடத்திலேயே இந்த அலட்சியம் என்றால், மனித நம்பிக்கையைப் பற்றிய பாடத்தை இவர்களிடம் எந்தத் தைரியத்தில் ஒப்படைப்பது?

படிக்க விஷயம் இல்லாமலும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்கா அருகே இருந்த தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் மாண்டார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளை அளந்து பார்த்ததில், நோய்க்குறிகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. மருந்து இல்லை. ஆதரவான இடம் இருந்தது. நம்பிக்கை எங்கே கொல்கிறது, எங்கே தேற்றுகிறது என்று பிரித்தறியக் கற்பதைவிட மேற்படிப்பு மாணவருக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு சம்பவங்களும் நம் மண்ணில் நடந்தவை. உறுதிமொழிக்காரர்களின் கண்ணில் இரண்டுமே படவில்லை.

உறுதிமொழியையும் இலச்சினையையும் ஓரமாக வைத்துவிட்டு, சமூக மருத்துவமும் மனநலமும் வலித்தணிப்பு மருத்துவமும் படிக்கும் மேற்படிப்பு மாணவர்களை மக்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பட்டும். பாடம் என்ன பெயரில் வந்தாலும் சரி, எழுதுபவர்கள் ஒருமுறையாவது அங்கே போய்வந்து எழுதட்டும். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்த ஊரிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், பேருந்து உண்டு.