சிப்பாயாகப் போனவர் விமானி ஆக முடியாதா?



கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் பிளஸ் டூ முடித்த தம்பிகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால், "மிலிட்டரி" என்ற பதில் அடிக்கடி வருகிறது. மிளகுத் தோட்டக் கூலி, பனியன் கம்பெனி இவற்றைத் தாண்டி மாதச் சம்பளம் என்று அவர்கள் கண்ணில் படுவது அதுதான். இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டால் சிலர் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்: "சிப்பாயா சேர்ந்து, பிறகு ஹெலிகாப்டர் ஓட்டப் போக முடியுமா அண்ணா? அமெரிக்காவுல போறாங்களாமே?"

உண்மைதான். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகளில் பெரும்பாலோர் வாரண்ட் ஆபீசர்கள். அந்தப் பதவிக்குக் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை, பள்ளிப் படிப்பு போதும். கடற்படையிலோ விமானப்படையிலோ சாதாரணப் படைவீரராக இருப்பவரும் படைப்பிரிவு மாறி விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்விலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால் பயிற்சி கிடைக்கும்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கும் விமானப்படையில் வாரண்ட் ஆபீசர் என்ற பதவி உண்டு. ஆனால் விமானியின் இருக்கை அவருக்குக் கிடையாது. முப்படைகளிலும் அது கமிஷன் பெற்ற அதிகாரிக்கு மட்டுமே உரியது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த ஹெலிகாப்டரை நினைத்துப் பாருங்கள். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தோடு அதில் இறந்தவர்களில் ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள் ராணா பிரதாப் தாஸ், பிரதீப் இருவரும் உண்டு. அந்த ஹெலிகாப்டரின் பணிக்குழுவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஓட்டியவர்கள் ஒரு விங் கமாண்டரும் ஒரு ஸ்குவாட்ரன் லீடரும். ஒரே ஹெலிகாப்டர், ஒரே ஆபத்து, ஒரே சாவு. இருக்கை மட்டும் வேறு.

இந்தக் கோட்டைக் கிழித்தது யார்? பிரிட்டிஷ் காலத்தின் பெரும்பகுதியில் இந்தியச் சிப்பாய் எத்தனை ஆண்டு உழைத்தாலும் எட்டக்கூடிய உச்சம் சுபேதார் மேஜர் பதவி. நேற்று கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலேய லெப்டினென்டுக்கும் அவர் சல்யூட் அடிக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் அந்தச் சுபேதார் வரிசையில் பணியாற்றியவர். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதையே வெள்ளையர் அரசு நிறுத்தியது. உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மகர் ரெஜிமென்ட், 1943இல் சமார் ரெஜிமென்ட் உருவாயின. போர் முடிந்த மறு ஆண்டே சமார் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. வெள்ளையர் போனார்கள். மேல் படிக்கட்டு, கீழ்ப் படிக்கட்டு என்ற ஏற்பாடு பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு நின்றுவிட்டது. கீழ்ப் படிக்கட்டில் யார் குவிகிறார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படைப் பணியில் பட்டியலினத்தவருக்கோ பழங்குடியினருக்கோ இடஒதுக்கீடும் இல்லை.

இரண்டு படிக்கட்டுகளுக்கும் இடையே ஒரு குறுகிய பாலம் இருக்கிறது. அதன் பெயர் ஆர்மி கேடட் காலேஜ், சுருக்கமாக ஏ.சி.சி. பிளஸ் டூ தேறி, குறைந்தபட்சப் பணிக்காலத்தை முடித்த படைவீரர் இதற்குத் தேர்வு எழுதலாம். தரைப்படையினர் மட்டுமல்ல, கடற்படை, விமானப்படை வீரர்களும் இதன் வழியாகத் தரைப்படை அதிகாரி ஆகலாம். எழுத்துத் தேர்வு, அதன்பின் எஸ்.எஸ்.பி. நேர்காணல். தேறினால் டேராடூனில் 3 ஆண்டுப் படிப்பு, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம், பிறகு இந்திய ராணுவ அகாடமியில் ஓராண்டுப் பயிற்சி. லெப்டினென்ட் ஆனபின் 1986இல் தொடங்கப்பட்ட ராணுவ விமானப் பிரிவுக்கு விருப்பம் தெரிவிக்கலாம். அதற்கான பயிற்சிப் பள்ளி நாசிக்கில் இருக்கிறது. படைப்பிரிவு மாறி ஹெலிகாப்டர் ஓட்ட நினைக்கும் சிப்பாய்க்கு இந்தியாவில் உள்ள முக்கிய வழி இது. நீளமான வழி, ஆனால் இருக்கிற வழி. ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடிப் பழகும் நம் தம்பிகளில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்?

அடுத்த தடை மொழி. அக்னிவீர் பொது நுழைவுத் தேர்வை இப்போது தமிழில் எழுதலாம். ஆனால் அதிகாரி ஆவதற்கான என்.டி.ஏ., சி.டி.எஸ். தேர்வுகளின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே. துப்பாக்கி தூக்கத் தமிழ் போதும், கட்டளையிடத் தமிழ் போதாது என்பதுதானே இதன் பொருள்? அதோடு என்.டி.ஏ. வழியாக விமானப்படைக்கோ கடற்படைக்கோ போக பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். மலைப்பள்ளியில் அந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் இல்லையென்றால், விமானியின் இருக்கை அந்தக் குழந்தைக்குப் பதினைந்து வயதிலேயே மூடப்பட்டுவிடுகிறது.

உடனே "தகுதி குறைந்துவிடும்" என்பார்கள். சரி, தகுதியையே பேசுவோம். விமானியைத் தேர்ந்தெடுக்க நம் படைகளே ஒரு சோதனை வைத்திருக்கின்றன. கையும் கண்ணும் ஒன்றுசேர்ந்து இயங்குகிறதா, ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்க முடிகிறதா என்று கருவிகளைக் கொண்டு அளக்கிறார்கள். ஒருமுறை தவறினால் வாழ்நாளில் மறு வாய்ப்பில்லை. அவ்வளவு கறாரான சோதனை கையில் இருக்கும்போது, அதில் உட்காரும் உரிமையைச் சிப்பாய்க்கு ஏன் மறுக்க வேண்டும்? கறுப்பின மக்கள் போர்த் தலைமைக்கு லாயக்கில்லை என்று அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியும் 1925இல் அறிக்கை எழுதியது. 1941இல் டஸ்கீகியில் பயிற்சி தொடங்கியது. அங்கே உருவான கறுப்பின விமானிகள் இரண்டாம் உலகப் போரில் பறந்தே அதைப் பொய்யாக்கினார்கள். வாய்ப்பைக் கொடுக்காமல் தகுதி பேசுவது எந்த நாட்டிலும் ஒரே தந்திரம்தான்.

ராணுவத்தில் சேர்வதே விடுதலை என்று நாங்கள் சொல்லவில்லை. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் முடிந்ததும் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரமாகிறார்கள். மற்றவர்கள் ஓய்வூதியம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டும். போரை நாம் கொண்டாடவும் இல்லை. ஆனால் போகிற பிள்ளை போகத்தான் போகிறார். அவர் எந்தப் படிக்கட்டில் ஏறுகிறார் என்பது நம் கவலை.

ஆகவே நான்கு கோரிக்கைகள். என்.டி.ஏ., சி.டி.எஸ். தேர்வுகளைத் தமிழில் எழுத உரிமை வேண்டும். மலையிலுள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் கணித, இயற்பியல் ஆசிரியர் இருக்க வேண்டும். ஆள்சேர்ப்பு முகாம்தோறும் ஏ.சி.சி. பற்றித் தமிழில் விளக்க வேண்டும். வாரண்ட் ஆபீசர்களும் விமானி ஆகும் தனிப்பிரிவு ஒன்று தொடங்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலையும் உண்டு. கடந்த 10 ஆண்டுகளில் ஏ.சி.சி. வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து அதிகாரி ஆனவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்று பாதுகாப்பு அமைச்சகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். உங்கள் பகுதிப் பள்ளியில் அந்த இரண்டு ஆசிரியர் பணியிடங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்திடம் கேளுங்கள். எண்ணிக்கை இருந்தால் அதை வைத்துப் பேசுவோம். "அப்படியொரு கணக்கே இல்லை" என்று பதில் வந்தால், அதை வைத்தும் பேசுவோம்.

ஜெய்பீம்.