வானத்தில் பெயர் வைக்கும் உரிமை

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை பெற்றவர்களுக்கு. தெருவுக்குப் பெயர் வைக்கும் உரிமை நகராட்சிக்கு. வானத்தில் சுற்றும் ஒரு கல்லுக்கு? கண் விழித்திருந்து அதைக் கண்டுபிடித்தவருக்கே! இந்த நியாயத்தை ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான குறுங்கோள்கள் சூரியனைச் சுற்றுகின்றன. 1861-ல் சென்னை வானாய்வு நிலையத்தில் போக்சன் என்ற ஆங்கிலேயர் ஒன்றைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அது. ஆகவே அதன் பெயரும் 'ஆசியா' ஆயிற்று. 1885-க்குள் சென்னையிலிருந்தே இன்னும் நான்கைக் கண்டார்.

பிறகு நூறாண்டுக்கு மேல் மௌனம்! வானம் மாறவில்லை, தேடுவார்தான் இல்லை. 1988 பிப்ரவரி 17-ல் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் விஞ்ஞானி இராஜமோகன் அந்த மௌனத்தைக் கலைத்தார். ஒரே வானப் பகுதியை இடைவெளி விட்டுப் படமெடுத்தால் நட்சத்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்; குறுங்கோள் மட்டும் நகர்ந்திருக்கும். அப்படி அகப்பட்ட கோளுக்குக் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

சர்வதேச வானியல் சங்கம் இதில் வெகு கண்டிப்பு. கண்டவர் சொல்லும் பெயரை அதன் குழு ஏற்க வேண்டும். அரசியல்வாதியின் பெயரானால், அவர் மறைந்து நூறு ஆண்டு கழிய வேண்டும். இராஜபாளையம் நாய்க்கு எத்தனை பெருமை இருந்தாலும், வளர்ப்புப் பிராணிகளின் பெயரை அங்கே விரும்புவதில்லை. பணம் கொடுத்தாலும் பெயர் கிடைக்காது. காசுக்கு நட்சத்திரப் பெயர் விற்கும் கம்பெனிகளின் பத்திரத்தை எந்த விஞ்ஞானியும் மதிப்பதில்லை.

இன்று மலையேற வேண்டிய அவசியமும் இல்லை. பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களைப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பும் சர்வதேசத் திட்டம் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை: மாணவன் ஒரு புள்ளியைக் குறித்தவுடனே 'கோள் கண்டான்' என்று மாலை போடுவது தவறு. அதன் பாதை உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பெயர் அதற்கும் பிறகுதான். காத்திருக்கக் கற்றுக்கொடுப்பதும் கல்வியே.

ஆண்டாள் பிறந்த ஊருக்கு வானம் அந்நியமல்ல. வெள்ளி எழுவதையும் வியாழன் மறைவதையும் திருப்பாவையில் அவள் பாடியிருக்கிறாள். அந்தக் குறிப்பைக் கொண்டு அவள் காலத்தைக் கணிக்க அறிஞர்கள் முயன்றிருக்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து வானத்தைப் பார்த்த வழக்கம் பாட்டிலேயே பதிந்து கிடக்கிறது.

அந்த வழக்கத்தைப் பள்ளிகள் மீட்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை வானத்துக்கு ஒதுக்கினால் பாடத்திட்டம் ஒன்றும் பாழாகிவிடாது. கோபுரத்தால் பெயர் பெற்ற ஊரும், நூற்பாலைகளால் பெயர் பெற்ற ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வானத்திலும் பெயர் பெற அவற்றுக்கு வேண்டியது பணமல்ல, சிபாரிசு அல்ல. கண் விழித்திருக்கும் பிள்ளைகள்!